பத்து யூரோக் கைவிசேஷம்

எங்கள் வீட்டுச் சாமியறையில் பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் நடுவில் ஆறு கிலோ தீயணைப்புக்காரர்கள் குந்திக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பத்து யூரோ நாணயக் குத்திகள். ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் தலைக்கவசம் போட்ட தீயணைப்புக்காரன். நான் அவனுக்குத் தொப்பிக்காரன் என்று பெயர் வைத்திருந்தேன். காலையில் விளக்கேற்றப் போனால் முதலில் அவன் முகத்தில்தான் முழிக்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

இந்தக் கூத்துக்கு முழுக் காரணமும் இவர். இவர் என்று நான் சொன்னால் அது என் கணவர் கதிர்காமநாதன். இங்கே ஜேர்மனியில் எசன் நகரத்தில் ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. வேலையில் ஒரு பிழை விடமாட்டார். வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்து கைபேசியைத் திறந்தார் என்றால்தான் மூளை வேறு பக்கம் ஓடத் தொடங்கும்.

கனடாவில் இருக்கிற என் தங்கை சிவசக்தி போன வருடம் ஒருநாள் போன் எடுத்து அழுதாள். பாதி சந்தோச அழுகை. ஒரே மகள் நிலக்சிக்குக் கல்யாணம் முற்றாகிவிட்டது, வருகிற வைகாசியில். மற்றப் பாதி அழுகை அவள் கணவரை நினைத்து. அந்த மனிதர் மாரடைப்பில் போய்ச் சில வருடங்களாகின்றன. எங்கள் முறைப்படி பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தம்பதியாக இரண்டு பேர் மணவறையில் இருக்க வேண்டும்.

"அக்கா, நீயும் அத்தானும்தான் தாரை வார்க்க வேணும். வேற ஒருத்தரையும் நான் கேக்க மாட்டன்."

"இதென்னடி கேள்வி? தலைகீழாய் நிண்டெண்டாலும் வருவம்."

சொல்லி வாயை மூடின பிறகுதான் என் நாரி, அதுதான் இடுப்புப் பக்கத்து முதுகு, ஞாபகத்துக்கு வந்தது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். என்னைப்போல இரண்டு மடங்கு பாரமான ஜேர்மன் கிழவர்களைத் தூக்கி இருத்தியும் படுக்க வைத்தும் என் நாரி நாசமாகிவிட்டது. லண்டனுக்கு, பிள்ளையொன்று பெரியவளான சாமத்தியவீட்டுக்கு, பஸ்ஸில் போய்வந்து ஒரு கிழமை வீட்டுக்குள் தவழ்ந்து திரிந்தேன். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் பிளேனில் எப்படிக் குந்தியிருப்பது?

"நீர் யோசியாதையும்," என்றார் இவர். "உம்மை நான் படுக்க வைச்சுத்தான் கனடாவுக்குக் கொண்டு போவன்."

"ஏன், பெட்டிக்குள்ள வைச்சோ?"

"விசர்க்கதை கதையாதையும். பிஸ்னஸ் கிளாஸ். சீற் அப்பிடியே கட்டிலாய் விரியும்."

அதன் விலையைப் பார்த்தேன். அந்தக் காசுக்கு ஒரு கார் வாங்கலாம், ஓடுகிற கார். வீட்டுக்கடன் கட்டின பிறகு எங்களிடம் மிஞ்சுகிற காசுக்குப் பிஸ்னஸ் கிளாஸ் சாப்பாடுகூட வாங்க ஏலாது.

அங்கேதான் யூடியூப் வந்து நுழைந்தது. அமெரிக்காவில் சிலர் முந்தி ஒரு வேலை பார்த்தார்களாம். அரசாங்கம் டொலர்க் குத்திகளை முகப்பெறுமதிக்கே விற்று, வீட்டுக்கு இலவசமாக அனுப்பியும் வைத்திருக்கிறது. இவர்கள் கடனட்டையால் பெட்டி பெட்டியாக வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே வங்கியில் கொண்டுபோய்ப் போட்டு, அந்தக் காசாலேயே அட்டைக் கணக்கைக் கட்டியிருக்கிறார்கள். கையை விட்டு ஒரு சதம் போகவில்லை. ஆனால் அட்டையில் செலவழித்த ஒவ்வொரு டொலருக்கும் விமான மைல் சேர்ந்திருக்கிறது. அந்த மைலை வைத்துச் சும்மா உலகம் சுற்றினார்களாம்.

இங்கே டொலருக்கு எங்கே போவது? இவர் தேடித் தேடி ஒரு நாணயக் கம்பெனியைப் பிடித்தார். பத்து யூரோ நினைவுக் குத்தியைப் பத்து யூரோவுக்கே விற்றார்கள். அனுப்புகிற செலவும் இல்லை. கடையில் கொடுத்தால் செல்லுபடியாகிற காசுதான், ஆனால் ஒருத்தரும் கண்டிருக்க மாட்டார்கள்.

"அவங்களுக்கு இதில என்னப்பா லாபம்?" என்று கேட்டேன்.

"அது அவங்கட தலையிடி. எங்களுக்கு மைல்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பெட்டி வரத் தொடங்கியது. தபால்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு, கல்லா ஓடர் பண்ணுகிறீர்கள் என்று கேட்டான். முதற் சில பெட்டிகளை வங்கியில் சிரித்த முகத்தோடு வாங்கினார்கள். பிறகு சிரிப்பில்லாமல் வாங்கினார்கள். பிறகு, எண்ணுகிற மெசின் இந்தக் குத்தியைத் துப்புகிறது, கையால்தான் எண்ண வேண்டும், அதனால் இனி Termin, அதாவது முன்கூட்டியே நேரம், எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்றார்கள். இவர் சளைக்கவில்லை. வங்கி, Termin, பெட்டி என்று மாதக்கணக்கில் அலைந்தார். சனிக்கிழமை மற்ற ஆம்பிளைகள் கால்பந்து பார்க்கும்போது இவர் குத்தி சுமந்தார்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. தன் கெட்டித்தனத்தை ஒருத்தருக்காவது சொல்லாமல் இந்த மனுசனுக்கு நித்திரை வரவில்லை. கூட வேலை செய்கிற இராசலிங்கத்துக்கு, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று சொல்லிச் சொன்னார். இராசலிங்கத்துக்குச் சொன்னால் அது மனைவி சந்திரகாந்திக்குச் சொன்னது. சந்திரகாந்திக்குச் சொன்னால் எசன் முழுக்கச் சொன்னது.

பிறகு நடந்ததை என் கண்ணால் கண்டிராவிட்டால் நானே நம்ப மாட்டேன். தமிழ்க்கடையில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கியது: 'பத்து யூரோக் குத்தி தயவுசெய்து தர வேண்டாம்.' ஒரு சாமத்தியவீட்டில் பிள்ளைக்கு என்வலப் கொடுக்க வரிசையில் நின்றோம். ஒவ்வொரு என்வலப்பும் கிலுங் கிலுங் என்றது. வீடியோக்காரன், சத்தத்தை வெட்டிவிட்டுப் பாட்டுப் போடட்டுமா என்று பிள்ளையின் தகப்பனிடம் கேட்டான். நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் வடிவாக மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனி மாதக் கடைசியில் கடைசிப் பெட்டிகள் வந்தன. இதோடு மைல் நிறைந்துவிடும் என்றார் இவர். ஆனால் வங்கிக்காரர் அடுத்த Termin மே மாத நடுவில்தான் என்றார்கள். அட்டைக்காரன் எங்கள் கணக்கிலிருந்து காசை இழுக்கிறது ஏப்ரல் இருபதாம் திகதி. அன்றைக்குக் கணக்கில் காசில்லாவிட்டால் அட்டையைப் பூட்டுவான். அட்டையோடு மைலும் போகும், மைலோடு பிளேனும் போகும். தாரை வார்க்க ஆளில்லாமல் என் தங்கை நிற்பாள்.

"கோதாரி விழுவான்," என்று தொப்பிக்காரனைத் திட்டினேன். அவன் கவசத்துக்குள்ளால் பார்த்தான்.

"பொறும், வருசப்பிறப்பு வருதெல்லே," என்றார் இவர். அந்த முகத்தில் புது யோசனை ஒன்று முளைத்திருந்தது. எனக்கு அந்த முகத்தைக் கண்டாலே பயம்.

சித்திரை வருசப்பிறப்புக்கு எங்கள் கோயிலில் வருகிற சனத்துக்கெல்லாம் சுபநேரத்தில் கைவிசேஷம் கொடுப்பார்கள், ஆளுக்கு ஒரு குத்தி வெற்றிலையில் வைத்து. வாங்கினவர் பதிலுக்கு எதையாவது கொடுக்க வேண்டும். வாங்கின காசை அந்த வருடம் முழுக்கச் செலவழிக்கக் கூடாது. பர்சில் வைத்திருந்தால் வருடம் முழுக்கக் காசு வரும். இவர் கோயில் தலைவர் முருகேசன் அண்ணையிடம் போய், "இந்தமுறை கைவிசேஷத்துக்குக் குத்தி முழுக்க நான் தாறன் அண்ணை. நீங்கள் உண்டியல்ல இருக்கிற தாள்க்காசை எனக்கு மாத்தித் தந்தாச் சரி" என்றார். முருகேசன் அண்ணை நேர்மையான மனிதர். வாக்கென்றால் வாக்கு. "அதுக்கென்ன தம்பி, தாராளமாய்!" என்றார்.

வருசப்பிறப்பன்று காலமை இவர் இரண்டு பயணப் பைகளில் தொப்பிக்காரர்களைச் சுமந்துகொண்டு வந்தார். ஐயர் எல்லாவற்றையும் தாம்பாளத்தில் கொட்டச் சொல்லி மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குங்குமம் தூவினார். பிறகு முருகேசன் அண்ணை உண்டியலைத் திறந்தார்.

உள்ளே தாள் ஒன்றுமில்லை. முழுக்கத் தொப்பிக்காரர்கள். வங்கியில் Termin கிடைக்காத அத்தனை சனமும் அம்மனிடம் கொண்டுவந்து தள்ளியிருந்தது. எங்கள் சனத்தின் பக்தி இவ்வளவு பெருகியது எதனால் என்று முருகேசன் அண்ணைக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் உண்டியலைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"தம்பி, தாறன் எண்டு சொன்னா நான் தாறனான். அதில மாற்றமில்லை," என்று சொல்லி, ஐயரிடம் நேரம் கேட்டு, உண்டியலிலிருந்து அதே தொகைக்கு அதே குத்திகளை அள்ளி, ஐயரைக் கொண்டு குங்குமம் வைப்பித்து, மேலே ஒரு வெற்றிலையும் வைத்து இவரிடம் நீட்டினார். சுபநேரத்தில் நீட்டுகிறதை வேண்டாம் என்று சொல்ல ஏலாது. சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. என் புருசன், ஜேர்மனியில் முப்பது வருடம் வரி கட்டின மனுசன், இரண்டு கையையும் நீட்டிப் பயபக்தியோடு வாங்கினார். ஆறு கிலோ கொடுத்து ஆறு கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். நான் அதைப் பழையபடி சாமியறையில் கொண்டுபோய் வைத்தேன்.

அடுத்த நாள் வங்கியிலிருந்து போன் வந்தது. யாரோ வரமுடியாது என்று சொல்லிவிட்டார்களாம், நாளைக்கு, ஏப்ரல் பதினாறாம் திகதி காலமை ஒரு Termin இருக்கிறது, வருகிறீர்களா? இவர் துள்ளிக் குதித்தார்.

"மலர், தப்பிட்டம்!"

"எதைக் கொண்டு போகப் போறியள்?" என்று கேட்டேன்.

"குத்தியைத்தான்."

"உது கைவிசேஷம். செலவழிக்க ஏலாது."

இவர் என்னை வாயைப் பிளந்து பார்த்தார். ஓம், தங்கையிடம் போக வேண்டும் என்று துடித்தவளும் நான்தான், இப்போது குறுக்கே நிற்கிறவளும் நான்தான். எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு வருடம் இந்த மனுசன் என் பர்சிலிருந்த கைவிசேஷக் காசை எடுத்துக் கார் நிறுத்துகிற மெசினுக்குப் போட்டுவிட்டார். அந்த வருடம்தான் சலவை மெசின் வெடித்தது, இவருக்கு முதல் இருந்த வேலை போனது, என் நாரி பிடித்தது. ஒரு யூரோவுக்கே அந்தக் கூத்து. ஆறு கிலோவைச் செலவழித்தால் என்ன நடக்கும்? அதுவும் பிள்ளையின் கல்யாணத்துக்கு முதல்.

இவர் எழும்பிப் போய் ஒரு பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்தார். எங்கேயிருந்து எடுத்தாரோ.

"இஞ்ச பாரும். கோயில்ல பாத்தது வாக்கியப் பஞ்சாங்கம். திருக்கணிதத்தில நேரம் வேற. திருக்கணிதப்படி அண்டைக்கு அந்த நேரம் சுபநேரமே இல்லை. அப்ப அது கைவிசேஷமே இல்லை, சும்மா சில்லறை."

"எங்கட வீட்டில எப்ப தொட்டுத் திருக்கணிதம்? உங்களுக்குப் பஞ்சாங்கம் எந்தப் பக்கத்தால திறக்கிறதெண்டு தெரியுமோ? தலைகீழாய்ப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்!"

உண்மையிலேயே தலைகீழாகத்தான் பிடித்திருந்தார். நான் அதைப் பறித்தேன். பறித்துப் பார்த்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. கைவிசேஷம் பரிமாற வருசப்பிறப்பன்று மட்டுமல்ல, பிறகும் சில நாட்களுக்கு நேரம் போட்டிருந்தது. பதினாறாம் திகதி காலமை பத்து மணி ஏழு நிமிடம் தொடக்கம். எங்கள் வாக்கியத்தையும் எடுத்துப் பார்த்தேன். இதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போனது.

கைவிசேஷத்தைச் செலவழிக்கத்தானே கூடாது. இன்னொருத்தருக்குக் கைவிசேஷமாகக் கொடுத்தால் என்ன?

அடுத்த நாள் நான் சேலை உடுத்திக்கொண்டு வங்கிக்குப் போனேன். கையில் வெற்றிலை. பின்னால் இவர் இரண்டு பைகளோடு. எங்களுக்கு ஒதுக்கின அலுவலர் கோஸ்டர் என்று ஒரு மனிசி, கண்ணாடியும் கட்டை மயிருமாக. குங்குமம் அப்பிக் கிடந்த தொப்பிக்காரர்களைப் பார்த்ததும் ஒரு சோடி கையுறையை எடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்று ஜேர்மனில் சொன்னேன். "இன்னும் நேரமாகவில்லை."

"உங்கட நேரம் பத்து மணி," என்றாள்.

"வங்கி நேரம் பத்து. கைவிசேஷ நேரம் பத்து ஏழு."

சாத்திரம், சம்பிரதாயம் என்று விளக்கியிருந்தால் அவள் ஒன்றையும் விளங்கிக்கொண்டிருக்க மாட்டாள். நிமிடக் கணக்காக ஒரு நேரத்தைச் சொன்னதும் அந்த ஜேர்மன் மனிசிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு கைகட்டி இருந்தாள். நாங்களும் இருந்தோம். பத்து ஏழுக்கு அவளே, "இப்ப," என்றாள்.

நான் எழும்பி, முதற் பையை வெற்றிலையோடு இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்தாள்.

"மன்னிக்க வேணும். வாடிக்கையாளரிட்ட நாங்கள் பரிசு வாங்க ஏலாது. பெரிய பிரச்சினையாகும்."

"பரிசில்லை. வாங்கி என்ர கணக்கில போடுங்கோ."

"அப்ப நீங்கள் உங்களுக்கே குடுக்கிறியளா?"

"ஓம்."

அதற்கு அவர்களிடம் தடை ஒன்றும் இருக்கவில்லைப் போல. இரண்டு கையாலும் வாங்கினாள். பதிலுக்கு ஏதாவது தர வேண்டும் என்று சொன்னேன். மேசை லாச்சியைத் திறந்து, பளபளவென்று ஒரு சதக் குத்தியை எடுத்து என் கையில் வைத்தாள். அதிர்ஷ்டத்துக்கு வைத்திருக்கிறதாம், அவளுக்கு யாரோ புதுவருசத்துக்குக் கொடுத்ததாம், செலவழிக்கக் கூடாதாம். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

ஒவ்வொன்றாக எண்ணினாள். கடைசியில் மூக்கைச் சுருக்கி, ஒரு குத்தி குறைகிறது என்றாள்.

"கோயில்ல எங்கையும் விழுந்திருக்கும்," என்று இவர் அவசரமாகச் சொல்லிக் கையெழுத்தை வைத்தார்.

இருபதாம் திகதி அட்டைக்காரன் காசை இழுத்தான். கணக்கில் காசு இருந்தது. மைல் நிறைந்தது. அன்று பின்னேரம் இவர் என்னைப் பக்கத்தில் இருத்தி, கைபேசியில் அந்தக் கட்டில் சீற்றைக் காட்டினார். தலையணை, போர்வை, காலுக்குப் போடுகிற மேசு.

"எங்க உங்கட சீற்?" என்று கேட்டேன்.

இவர் மூக்கைச் சொறிந்தார். "ஒராளுக்குத்தான் மைல் பாத்தனான். உம்மட நாரிக்குத்தானே இவ்வளவும். எனக்கு ஒரு மலிவு ரிக்கற் பாத்து வைச்சனான், மூண்டு இடத்தில இறங்கி ஏறி வாறது. இப்ப பாத்தா அதுவும் விலை ஏறிப்போச்சு. அதுக்குக் காசில்லை." பிறகு மெல்ல, "நீர் போட்டு வாரும்" என்றார்.

"தாரை வார்க்க நான் தனியவோ நிக்கிறது? உங்களுக்கு மண்டைக்குள்ள என்ன இருக்கு?"

கத்திவிட்டு அழுதுவிட்டேன். ஒரு வருடமாக இந்த மனுசனைத் திட்டாத நாளில்லை. சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சுமந்த பாரம் முழுக்க என் முதுகுக்காக என்று எனக்குத் தெரியும், ஆனால் தனக்கென்று ஒரு கதிரையைக்கூட அதில் வைக்கவில்லை என்று தெரியாது. இப்படி ஒரு விசரனைக் கட்டினேனே என்று கோபமும் வந்தது, அதைவிடப் பெரிய பாசமும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கைபேசியைப் பறித்தேன். ஒரு கட்டில் சீற்றுக்குப் போகிற அதே மைலுக்கு, பிளேனின் பின்பக்கத்தில் இரண்டு சாதாரணக் கதிரைகள் வந்தன. பொத்தானை அமத்திப் பதிந்தேன். இவர் சாவு விழுந்த வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தார்.

பிராங்பேர்ட்டில் ஏறி ரொறன்ரோவில் இறங்கும்வரை இவர் என் தோளில் தலையைப் போட்டுக் குறட்டை விட்டார். நான் நாரியைப் பிடித்துக்கொண்டு விறைத்துப் போய் இருந்தேன். வாசலில் சிவசக்தி என்னைக் கட்டிக்கொண்டு, "படுத்துக்கொண்டே வருவாய் எண்டு அத்தான் சொன்னவர்?" என்று கேட்டாள்.

"ஓமடி. அவர் படுத்தவர்," என்றேன்.

கல்யாணத்தன்று மணவறையில் இவர் பட்டு வேட்டியோடு இருந்தார். நிலக்சியின் கை இவர் கையில். நான் செம்போடு நின்றேன். கீழே முதல் வரிசையில் சிவசக்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் வெற்றிலையும் பாக்கும் தேசிக்காயும் எடுத்து வைத்துவிட்டு, "ஒரு நாணயம் வையுங்கோ" என்றார். அதை ஒருத்தரும் கொண்டுவந்திருக்கவில்லை. இந்தக் காலத்தில் கனடாவில் யார் குத்தி வைத்திருக்கிறார்கள்? சபையில் ஆளாளுக்குப் பர்சைத் தடவினார்கள்.

இவர் இடுப்பு மடிப்புக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். கழுகு ஒரு பக்கம். மறுபக்கம், கவசத்தில் காய்ந்த குங்குமத்தோடு, அவன்.

"வங்கியில குறைஞ்சது..." என்றேன்.

"ஒண்டைக் குடுக்க மனம் வரேல்லை," என்றார். "கைவிசேஷமெல்லே."

ஐயர் அதை வாங்கி நிலக்சியின் உள்ளங்கையில் வைத்தார். தங்கை கீழே இருந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் மறைத்தது. நாரி ஒருபக்கம் விண் விண் என்று இழுக்க, செம்பைச் சரித்துத் தொப்பிக்காரன் மேல் தண்ணீரை வார்த்தேன்.